அவசரப்படாத தண்ணீர்

சவ்வு மாற்ற வந்தவர் மொரிட்டா.
பதினெட்டு நாள் எங்கள் ஆலையில் இருந்தார்.
கிளம்புகிற அன்று ஒரு தகர டப்பாவை
என் மேசையில் வைத்து
இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினார்.

உள்ளே இலை,
நிழலில் காய்ந்த முருங்கையின் நிறத்தில்
ஊசி ஊசியாய்.
மூடியிலிருந்த எழுத்துக்கு நேரே போனைப் பிடித்தேன்.
அது தமிழில் சொன்னது:
"அவசரப்படும் தண்ணீரைத் தவிர்க்கவும்.
இலைகள் குளிரில் ஆறு மணி நேரம் யோசிக்கட்டும்."

ஃபுஜைராவில், ஆகஸ்டில்,
அவசரப்படாத தண்ணீருக்கு எங்கே போவது?
நீலப் புள்ளிக் குழாயைத் திறந்தால்தான் இங்கே கை சுடும்.
மொட்டைமாடித் தொட்டி
பகல் முழுக்க அடுப்பில் இருக்கிறது.
மே மாதமே கீசரை அணைத்துவிடுவோம்.
அதற்குள் தேங்கிக் கிடப்பதுதான் கொஞ்சம் ஆறியது.
சிவப்பைத் திருப்பித்தான் குளிக்கிறோம்;
வீட்டுக்கு வருகிறவர்களிடம்
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தொபியாஸுக்கு டீ என்றால்
மூன்று தரம் பொங்கி மூன்று தரம் அடங்க வேண்டும்.
நாளெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்
வந்ததும் அடுப்பு முன் நின்று அதைக் காவல் காப்பான்.
பச்சைத் தண்ணியில் டீயா,
அப்போ அடுப்புக்கு என்ன, சம்பளமில்லாத லீவா
என்றான்.

நான் ஆலையிலிருந்தே
ஒரு லிட்டர் கொண்டுவந்தேன்.
திருட்டு என்று சொல்லாதீர்கள், அது சாம்பிள்.
உள்ளே வரும்போது உப்பு முப்பத்தொன்பதாயிரம்,
வெளியே போகும்போது இருநூற்றுக்குக் கீழே.
கடலிலிருந்து கடலை எடுத்துவிடுவது என் வேலை.
பதினோரு வருடமாக எடுக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே
அது குறைந்த மாதிரியே தெரியவில்லை.

இரண்டு கரண்டி இலை.
மாவுப் பாத்திரத்துக்கும் நேற்றைய சாளைக் குழம்புக்கும் நடுவே
பாட்டிலைச் செருகி
இரவு ஷிப்டுக்குப் போனேன்.

இரண்டரை மணிக்கு குளோரின் பார்க்கும்போது
நினைவு வந்தது.
விளக்கணைந்த பெட்டிக்குள்
இந்நேரம் ஒவ்வொரு ஊசியும்
தன் முறுக்கைத் தானே விட்டுக்கொண்டிருக்கும்.
யாரும் கிண்டவில்லை. மூடியைத் திறந்து பார்க்கவில்லை.
எனக்கு மட்டும்
வீட்டில் யாரோ விழித்திருக்கிற மாதிரி இருந்தது.

நானும் அவனும் சேர்ந்திருப்பது
காலையில் நாற்பது நிமிடம்.
அவன் சாக்ஸ் தேடுவான், நான் சாக்ஸ் கழற்றுவேன்.
அந்த நேரத்தில் வடிகட்டினேன்.
வெள்ளரித் தோலைக் கழுவிய தண்ணீர் போல் ஒரு பச்சை.

முதல் மடக்கில் ஒன்றுமில்லை.
பிறகு நாக்கின் ஓரத்தில்
பட்டாணித் தோலின் இனிப்பு.
அதற்கும் பிறகு பாசி,
அலை பின்வாங்கியதும் பாறையில் மின்னுமே, அந்தப் பாசி.
பன்னிரண்டு மணி நேரம் கடலை விரட்டிவிட்டு வந்திருக்கிறேன்.
அது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து
உப்பைக் கழற்றி வைத்துவிட்டு
குளிர்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

தொபியாஸ் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான்.
"படகை ஏத்திப் போட்டா அடியில வருமே, அந்த வாசம்."
கீழே வைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் நான் எழுந்தது வெங்காய வாசத்தில்.
வடிகட்டியில் ஊறிக் கிடந்த இலையை எல்லாம்
பச்சை மிளகாயோடு வதக்கி
மூன்று முட்டை உடைத்து ஊற்றியிருந்தான்.
கீரை வீணாப் போகுதேன்னு பார்த்தேன் என்றான்.
குனிந்தபடி
என் தட்டிலிருந்ததையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டான்.

பாட்டிலில் மீதி இருக்கு, ஊற்றவா?
அதெல்லாம் நீ குடி.
பால் அப்போது மூன்றாவது தரம் பொங்கியது.
சட்டியை நீலக் குழாயடியில் பிடித்தான்.
எண்ணெய்ப் பிசுக்கு
சோப்பில்லாமலே போயிற்று.